பள்ளத்தில் இருந்தவனுக்குக் கேட்கவில்லை

அந்தத் தளபதி தூங்கிவிட்டான் என்றுதான் எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஆற்று வளைவில் சண்டை நடந்த காலையில் அவனுக்கு இருந்தது ஒரே உத்தரவு. குன்றின் மேல் பீரங்கி விடாமல் முழங்கினால் படையோடு கிளம்பி வர வேண்டும். பீரங்கி முழங்கியது. அவன் வரவில்லை. குன்றுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில், உதவிக்கென்று ஒதுக்கியிருந்த மொத்தச் சேமப்படையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். குன்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் செத்தார்கள். படை நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, "எனக்குக் கேட்கவில்லை" என்பதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. பள்ளத்துக்கும் அப்பால், இன்னும் தொலைவில், மேட்டில் இருந்த ஊர்க்காரர்களுக்கே பீரங்கிச் சத்தம் கேட்டிருந்தது. யார் நம்புவார்கள்? பதவியைப் பறித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அவனுக்குத் தூங்குமூஞ்சித் தளபதி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நம்பியது எங்கள் அம்மா மட்டும்தான்.

ஓய்வு பெற்றவர்கள் தொட்டியில் செடி வளர்ப்பார்கள், கல்யாணம் பண்ணிக்கொள் என்று மகனை நச்சரிப்பார்கள். அம்மா போர் வரலாற்றில் முதுகலைப் பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டாள். வேலைக்காலம் முழுக்கத் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "கேக்குதா? இப்பக் கேக்குதா?" என்று ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள். சேர்ந்த முதல் மாதத்திலேயே தூங்குமூஞ்சித் தளபதியைத் தேடிப் பிடித்துவிட்டாள். "கேக்கலைன்னு ஒருத்தன் சொன்னா, முதல்ல லைனைப் பாக்கணும். ஆளைத் திட்டறது அப்புறம்" என்றாள். அதுதான் தன் ஆய்வேடு என்றும் சொல்லிவிட்டாள்.

அவளுடைய பேராசிரியை ஒப்புக்கொள்ளவில்லை. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். "தோத்துப்போன எல்லாத் தளபதியும் கேக்கலை, தெரியலைன்னுதாம்மா சொல்வான். நீங்க எழுதப்போறது வரலாறு இல்லை, தாய்ப்பாசம்" என்று சொல்லிவிட்டாராம். ஆதாரம் ஏதாவது காட்டுங்கள், களநாள் வரைக்கும் தவணை. இல்லாவிட்டால் வேறு தலைப்பு. அந்த வேறு தலைப்பும் தயாராக இருந்தது: அதே போரில் குதிரைகளுக்குத் தீவனம் போய்ச் சேர்ந்த விதம்.

"குதிரைத் தீவனத்தையே எழுதிட்டுப் போயேன். குதிரையா வந்து சண்டை போடப்போகுது?" என்றார் அப்பா. அவர் தையல்காரர். வீட்டிலேயே தைக்கிறார்.

"புல்லுக்கட்டு எண்ணறதுக்கா இந்த வயசுல பஸ் ஏறிப் போறேன்? இது இல்லைன்னா படிப்பே வேண்டாம். விட்டுடுவேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "பாதியில விட்டவன் வீட்டுக்கு ஒருத்தன் போதும்."

அந்த ஒருத்தன் நான். அதில் சொல்ல எதுவும் இல்லை. பிடிக்கவில்லை, விட்டேன். இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. பெட்டிகளை அடுக்குகிறேன், இறக்குகிறேன். மனிதர்கள் குறைவு என்பதால் பிடித்திருக்கிறது. பகலில் தூங்குகிறேன் என்று சொல்வது பெருமைக்கு. ஜன்னலில் கறுப்புத் துணி, கதவிடுக்கில் போர்வை, காதில் பஞ்சு. அப்படியும் அடுத்த வீட்டில் சாவி கீழே விழுந்தால் எனக்கு முழிப்பு வந்துவிடும். அப்பா தன் தையல் இயந்திரத்தைப் பால்கனிக்குக் கொண்டுபோனது என்னால்தான். மழைக்காலத்தில் குடையைக் கட்டிக்கொண்டு தைத்தார். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

பால்கனிக் கம்பியில் அம்மா ஒரு வெட்டுத்துணியைக் கட்டி வைத்திருந்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க. குன்றில் பிழைத்தவர்கள் நீதிமன்றத்தில் ஆத்திரமாக ஒன்று சொல்லியிருந்தார்களாம். 'நாங்கள் செத்துக்கொண்டிருந்தோம், அவர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்து அடுப்புப் புகை எங்கள் மூக்கில் ஏறியது.' படித்த எல்லோருக்கும் சமையல்தான் கண்ணில் பட்டது. அம்மாவுக்குப் புகை பட்டது. புகை பள்ளத்திலிருந்து குன்றுக்கு வந்திருந்தால் காற்றும் அப்படித்தான் அடித்திருக்க வேண்டும். குன்றின் சத்தம் அந்தக் காற்றை எதிர்த்துக்கொண்டு பள்ளத்துக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் மேலெழும்பி, பள்ளத்தைத் தாண்டி, மேட்டில் போய் விழுந்திருந்தால்?

"அதே காத்துல, அதே இடத்துல சத்தம் போட்டுப் பாக்கணும்" என்றாள் அம்மா. அதற்குத்தான் களநாள். மாணவர்களைச் சண்டை நடந்த இடத்துக்கே கூட்டிப்போய், ஆளுக்கொரு தளபதியாக நிறுத்திப் பேச வைக்கும் நாள். தேதியைக் கல்லூரி குறித்துவிட்டது. காற்றை யாரும் குறிக்கவில்லை.

அன்று காலை நான் வேலை முடிந்து வெளியே வந்தபோது, கிடங்கு வாசலில் அம்மா காரோடு நின்றாள். கையில் அந்த வெட்டுத்துணி.

"பாரு, பாருடா! அதே காத்து!" துணி ஆற்றுப் பக்கமாக விறைத்துக்கொண்டு நின்றது. "ஏறு."

"நான் தூங்கணும்மா."

"கார்ல தூங்கு."

"கார்ல எப்பம்மா நான் தூங்கியிருக்கேன்?"

"அப்ப முழிச்சிட்டே வா."

பின்சீட்டில் ஒரு பெரிய முரசும், அதற்குப் பின்னால் இரண்டு நீண்ட கால்களும் இருந்தன. அம்மாவின் வகுப்பில் படிப்பவன். நெட்டை என்று கூப்பிடுகிறார்கள். ஏதோ இசைக்குழுவில் முரசு அடிக்கிறானாம். பீரங்கிக்குப் பதிலாக அவன்.

"அண்ணா, வணக்கம். உங்களைப் பத்தி அம்மா நிறையச் சொல்வாங்க."

"என்ன சொல்வாங்க?"

அவன் முரசைத் தட்டித் துடைத்தான். "நல்லதாத்தான்" என்று சமாளித்தான்.

குன்றின் மேல் இப்போது ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கீழே ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் மேட்டில் ஒரு டீக்கடையும் நாலு வீடுகளும். பேராசிரியை விசிலோடு நின்றார். சுற்றிலும் பிள்ளைகள். அம்மாவைப் பார்த்ததும், "தளபதியம்மா வந்தாச்சு!" என்று கத்தினார்கள். வீட்டில் அப்படி ஒரு வரவேற்பு அவளுக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

களநாளுக்கு ஒரே சட்டம். நீ எந்தத் தளபதியோ, அவனுக்கு அந்த நேரத்தில் தெரிந்தது மட்டுமே உனக்கும் தெரியும். மீறினால் விசில். முதலில் நெட்டை குன்றுத் தளபதியாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"வலது பக்கம் எதிரி ஒளிஞ்சிருக்கான். அதனால நான்..."

விசில் காதைக் கிழித்தது.

"யார் சொன்னது உனக்கு?"

"புத்தகத்துல இருக்கு மேடம்."

"அந்தப் புத்தகம் எழுதினவனோட தாத்தாவே இன்னும் பொறக்கலை. இப்பக் காலையில ஏழு மணி. உனக்கு என்ன தெரியுது?"

நெட்டை கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். "பனி தெரியுது மேடம்."

"அவ்வளவுதான் உன் அறிவு. அதை வச்சுப் போர் நடத்து."

எனக்கு அந்தப் பெண்மணியைப் பிடித்துப்போனது. நான் படித்த கல்லூரியில் ஒருவர் கழுத்திலும் விசில் இல்லை.

தூங்குமூஞ்சித் தளபதியாகப் பள்ளத்தில் உட்கார வேண்டிய மாணவனுக்குக் காய்ச்சலாம். வரவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவன் உக்காருவான்."

"இவருக்கு இந்தச் சண்டையைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணுமே தெரியாது மேடம். எதுவுமே தெரியாது."

"நல்லதாப்போச்சு" என்றார் பேராசிரியை. "விசிலுக்கு வேலையில்லை."

என் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தளபதியிடம் கைப்பேசி இல்லை. நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பள்ளத்தின் அடியில் உட்கார வேண்டும். முரசு கேட்டால் எழுந்து குன்றின் மேல் வர வேண்டும். கேட்கவில்லை என்றால் அவர்களே வந்து அழைக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். கண்ணாடி போட்ட ஒரு மாணவி மேட்டு டீக்கடையில் நின்று, சத்தம் அங்கே எட்டுகிறதா என்று போனில் சொல்வாள்.

"நல்லாக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காரு" என்றாள் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வெட்டுத்துணியை மட்டும் விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். இந்தச் சோதனை போனால் அவள் படிப்பு போனது. பிடிவாதத்தில் நான் அவளைக் கொண்டுதான் பிறந்திருக்கிறேன். விடுவேன் என்றால் விட்டுவிடுவாள்.

பள்ளத்தில் இறங்கினேன். புல் முழங்கால் உயரம். வெயில் இதமாக இருந்தது. இரவெல்லாம் குளிரில் நின்ற உடம்பு. சரிவில் சாய்ந்துகொண்டேன். காதைத் தீட்டிக்கொண்டுதான் சாய்ந்தேன். ஒரு வண்டு வந்தது, போனது. அப்புறம் எதுவும் இல்லை. அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

கண்ணைத் திறந்தபோது வானத்துக்குப் பதிலாக வட்டமாக முகங்கள். பேராசிரியையின் விசில் என் மூக்குக்கு நேர்மேலே ஆடிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சா?" என்றாள் அம்மா.

"என்னது?"

பள்ளமே அதிர்வதுபோலச் சிரித்தார்கள். நெட்டை புல்லில் உருண்டான். "மறுபடியும் தூங்கிட்டாரு! இத்தனை வருஷம் கழிச்சு, அதே பள்ளத்துல, மறுபடியும் தூங்கிட்டாரு!"

"நடிச்சிருந்தாக்கூட இவ்வளவு பொருத்தமா வராது" என்றார் பேராசிரியை. அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் அம்மாவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஆனா சோதனை செல்லாதும்மா. சத்தம் வராம கேக்கலையா, தூங்கினதால கேக்கலையான்னு எப்படிச் சொல்றது?"

அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. எனக்கு மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம்போல இருந்தது.

"உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள். "ஊர்ல இருக்கற சத்தத்தையெல்லாம் கேட்டுட்டு எங்க உசிரை வாங்குவ. இன்னிக்கின்னு பாத்து..."

பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். ஏதோ இணைப்புக் கிடைத்தவள்போல மெல்ல எழுந்து நின்றாள்.

"டேய்... நீயா தூங்கின?"

"ஆமாம்மா. மன்னிச்சுக்கோ."

"நெட்டை! எவ்வளவு வேகமா அடிச்ச?"

"தோல் கிழியற மாதிரி அடிச்சேன் தளபதியம்மா. தொட்டியில இருந்த புறாவெல்லாம் ஓடிடுச்சு. டீக்கடையில நல்லாக் கேக்குதுன்னு அவளும் போன் பண்ணினா."

அம்மா பேராசிரியை பக்கம் திரும்பினாள். முகம் முழுக்க வெளிச்சம். "மேடம், இவன் தூங்கினதுதான் என் சாட்சி."

"புரியலை."

"முழிச்சிருக்கறவன் கேக்கலைன்னு பொய் சொல்லலாம். இவன் சாவி விழுந்தா எழுந்திரிக்கறவன். முரசு சத்தம் கொஞ்சம் எட்டியிருந்தாக்கூட எகிறிக் குதிச்சிருப்பான். இவன் தூங்கினான்னா, இங்க சத்தமே வரலைன்னு அர்த்தம்!"

"அம்மா, எல்லா அம்மாவும் தன் பிள்ளையைப் பத்தி..."

"எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. நான் எதுவும் சொல்லமாட்டேன். நீங்களே கேளுங்க."

போனில் அப்பா கிடைத்தார். பேராசிரியை ஒலிபெருக்கியில் போட்டார். "ஐயா, கல்லூரியிலேர்ந்து பேசறேன். உங்க மகன் பகல்ல எப்படித் தூங்குவார்?"

"அவனா? என்னம்மா ஆச்சு? யாரையாவது கடிச்சிட்டானா?"

"இல்லைங்க. தூக்கம் எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

"தூங்கினாத்தானே சொல்றதுக்கு! நான் டீயில சர்க்கரை போட்டுக் கலக்கினா, கதவைத் தொறந்துட்டுப் பேய் மாதிரி வந்து நிக்கறான். கல்யாணம் ஆன நாளா ஸ்பூன்ல கலக்கின மனுஷன் நான். இப்ப விரலை விட்டுக் கலக்கறேன். பொய்யில்லைம்மா, வேணும்னா விரலைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?"

"வேண்டாங்க" என்றார் பேராசிரியை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"தையல் மிஷினைப் பால்கனியில வச்சு, குடையக் கட்டி..."

"போதும், வைங்க" என்று அம்மா இணைப்பைத் துண்டித்தாள். அதில் அவளுக்கு அனுபவம் உண்டு.

பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தூக்கத்துக்குச் சாட்சியா வீட்டுக்காரரைக் கூப்பிட்ட முதல் மாணவி நீங்கதான். ஆனா விரல் விட்டு டீ கலக்கறதை ஆய்வேட்டுல ஆதாரமா ஏத்துக்க முடியாதும்மா." கொஞ்சம் யோசித்தார். செருப்பைக் கழற்றினார். நான் படுத்திருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நானே இருக்கேன். பாதிப் பேர் என்னோட இருங்க. யாராவது தூங்கினா விசில் அடிப்பேன். மத்தவங்க மேல போய் அடிங்க. முடிச்சதும் வந்து கூப்பிடுங்க."

அம்மா வெட்டுத்துணியைத் தூக்கிப் பிடித்தாள். காலையில் விறைத்து நின்ற துணி இப்போது நுனியில் மட்டும் ஆடியது.

"காத்து விழப்போகுது. ஓடுங்கடா!"

ஓடினோம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னை முந்தினாள். மேலே போனதும் நெட்டை கையைப் பார்த்தான். உள்ளங்கையில் கொப்புளம். முரசுக் கோலை என்னிடம் நீட்டினான். "அண்ணா, நீங்க அடிங்க."

"எனக்கு அடிக்கத் தெரியாது."

"தாளமா கேட்டாங்க? சத்தம்தானே. உங்களைத் தூங்கவிடாதவங்களை எல்லாம் நினைச்சுக்கோங்க."

அடித்தேன். சாவியைக் கீழே போட்டவனை நினைத்து அடித்தேன். ஸ்பூனை, மிக்சியை, பக்கத்து வீட்டுக் கதவை நினைத்து அடித்தேன். தொட்டியின் வயிறு திரும்ப முழங்கியது. மாணவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா பொத்தவில்லை. விளிம்பில் நின்று பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டையின் போன் அடித்தது. மேட்டு டீக்கடையிலிருந்து அந்தக் கண்ணாடிப் பெண். "கேக்குது, கேக்குது! கடைக்காரர் என்ன கலவரம்னு கேக்கறார்!"

பள்ளத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் எழவில்லை. மேலிருந்து பார்க்கச் சின்னச் சின்னத் தலைகளாகத் தெரிந்தார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

துணி துவளத் தொடங்கும்வரை அடித்தேன். கை மரத்துவிட்டது. "போதும்டா" என்றாள் அம்மா. "போய்க் கூப்பிடலாம்."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பேராசிரியை தானே ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் செருப்பு, முகத்தில் எரிச்சல், மூச்சு வாங்கியது.

"என்னம்மா இது? எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது? எறும்பு கடிக்குது. எப்பதான் அடிக்க ஆரம்பிக்கப்போறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். வியர்வையில் நனைந்த சட்டை, கையில் கோல், பாதி கிழிந்த முரசுத் தோல். அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டோம் மேடம்" என்றான் நெட்டை.

பேராசிரியை செருப்பைக் கீழே போட்டார். அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண்போல அந்தத் தொட்டியைச் சுற்றிக் குதித்தார். கழுத்து விசில் இரண்டு பேர் முகத்திலும் மாறி மாறி அடித்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலுக்கும் பள்ளத்தில் இருந்த மிச்சப் பேர் இன்னும் எழவில்லை. ஆள் அனுப்பித்தான் அழைத்துவர வேண்டியிருந்தது.

மூச்சு திரும்பியதும் பேராசிரியை மறுபடி பேராசிரியை ஆனார். "இது நிரூபணம் இல்லைம்மா. இன்னிக்குக் காத்து, இன்னிக்கு முரசு. ஆனா கேள்வி உயிரோட இருக்கு. தலைப்பு உங்களுது. எழுதுங்க."

"குதிரைத் தீவனம்?"

"குதிரை பட்டினி கிடக்கட்டும்." விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு. முதல் சோதனையையும் எழுதணும். மறைக்கக்கூடாது. உக்காந்த ஆள் தூங்கிட்டார்னு அப்படியே வரணும்."

"அடிக்குறிப்புல போட்டுடறேன்" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அப்படியாக நானும் ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குள் நுழைந்தேன்.

திரும்பும்போது அம்மா ஓட்டினாள். நெட்டை கிழிந்த முரசை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தான். முதல் அத்தியாயத்தை எங்கே ஆரம்பிப்பது என்று இருவரும் வாதாடிக்கொண்டு வந்தார்கள். அவள் குன்றில் ஆரம்பிக்க வேண்டும் என்றாள். அவன் பள்ளத்தில் என்றான். முரசு அடித்த கை விண்விண் என்று தெறித்தது. பிறகு இருவரும் ஓய்ந்தார்கள்போல. நான் கண்ணை மூடினேன்.

டிக், டிக், டிக்.

துள்ளி எழுந்தேன். "என்னது? என்ன சத்தம்?"

கார் எங்கள் தெரு முனைச் சிக்னலில் திரும்பக் காத்து நின்றது. அம்மா ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"பாத்தியா நெட்டை! இண்டிகேட்டர் சத்தத்துக்கு எழுந்துட்டான்! நீ சாட்சி!"

"கண்ணால பாத்தேன் தளபதியம்மா!"

"போய் மேடத்துக்கிட்ட சொல்லணும்" என்றாள் அம்மா. பச்சை விளக்கு விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. அத்தனையும் எனக்குக் கேட்டன.